பழைய காரும் இரட்டைக் கிளவியும்

தமிழிலே இரட்டைக் கிளவி என்றொரு சொல்வகை உண்டென்பதை மாணவர் அறிவர். சலசல, கடகட, கிணுகிணு என அவை இரட்டித்தே நிற்கும். பிரித்தெடுத்தால் பொருள் தரமாட்டா. தொல்காப்பியரும் இதனை விதந்து கூறியுள்ளார். பாம்பைக் கண்டவன் "பாம்பு, பாம்பு" என்று கத்துவது இதிற் சேராது, அது அடுக்குத்தொடர். ஒவ்வொரு பாம்பும் தனித்தே பொருள் தரும். தனித்தே கடிக்கவுஞ் செய்யும். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியிலே இவ்விலக்கணத்தைக் கற்பித்து வரும் நாம், இதன் முழுப் பயனையும் உணர்ந்தது எமது பழைய மொறிஸ் மைனர் காரின் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னே நின்ற வேளைகளிலேதான்.

அக்கார் எமது பாட்டனார் வாங்கியது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த அந்த வண்டியினம் 1948 ஆம் ஆண்டிலே வெளிவந்து, பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாகி, 1970களின் தொடக்கத்திலே உற்பத்தி நின்று போயிற்று. எமது வண்டியின் எஞ்சின் 1098 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. யாழ்ப்பாணத்துக் கராச்சுகளிலே இன்னும் இதன் உறவினர் பலர் உயிரோடிருக்கின்றனர். 2020 ஆம் ஆண்டு முதல் 2025 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை இந்நாட்டிலே தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், இத்தகைய முதியோரின் மதிப்பு ஏறிற்றேயன்றி இறங்கவில்லை.

பழைய காரை வைத்திருப்போர் அனைவர்க்கும் ஒரு பொதுத்துன்பம் உண்டு. என்றோ ஒரு காலையிலே, நேற்றுவரை கேளாத ஓரோசை கேட்கும். அதைக் கேட்டதும் சிலர் வானொலியின் ஒலியைக் கூட்டிவிட்டு ஓட்டிச் செல்வர். வேறு சிலர் பயந்து, வண்டியை விற்றுவிடத் துணிவர். இவ்விரு சாராரும் செய்யத் தவறுவது ஒன்றேயாம்: அமர்ந்து கேட்டல்.

கேட்பதற்கு முன் சிறிது கணக்கும் வேண்டும். உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என நான்கு தொழில்களைப் பிஸ்ரன் செய்து முடிப்பதற்குள், கீழேயுள்ள கிறாங்குத் தண்டு இரண்டு முறை சுற்றிவிடுகின்றது. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டோ ஒரு முறையே சுற்றுகின்றது. எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று வீதம் நின்றோடுகின்றது என வைத்துக்கொள்வோம். கிறாங்குத் தண்டு விநாடிக்கு 10 முறை சுற்ற, ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 5 முறையே திறந்து மூடும். ஆகவே, எஞ்சினின் மேற்பகுதி ஓசை ஒரு காலத்திலும், கீழ்ப்பகுதி ஓசை பெரும்பாலும் அதன் இருமடங்கு காலத்திலும் ஒலிக்கும். மிருதங்கமோ தவிலோ கேட்டுப் பழகிய செவிக்கு முதற் காலத்தையும் இரண்டாங் காலத்தையும் பிரித்தறிதல் அரிதன்று. எந்தக் காலத்திலே ஒலிக்கிறது என்பது தெரிந்தவுடனேயே பழுது மேலேயா, கீழேயா என்ற பாதி வினாவுக்கு விடை கிடைத்துவிடும்.

இனி எமது இரட்டைக் கிளவிகளைக் கேளுங்கள். மேல்மூடியின் கீழிருந்து மெல்லிதாய், தையல் இயந்திரம் போல, டிக்டிக் என்று ஒலிப்பது வால்வின் இடைவெளி கூடியதைக் காட்டும். காலையிலே குளிர்ந்த எஞ்சின் கடகட என்று வெறுங்குடம் போல ஒலித்து, சூடேறியதும் அடங்குமாயின், அது தேய்ந்த சிலிண்டருக்குள்ளே பிஸ்ரன் சாய்ந்து மோதுவதாகும். முதுமையின் அடையாளமே தவிர உடனே அஞ்ச வேண்டியதன்று. முன்புறத்தே சங்கிலி உரசுவது போலச் சலசல என்பது கேம் தண்டை இயக்கும் சங்கிலி தளர்ந்ததாலாகும். புகைபோக்கி பொருந்தும் இடத்திலே வாயு கசிந்தால் புசுபுசு என்று கேட்கும். தண்ணீர்ப் பம்பினதோ டைனமோவினதோ பெயாரிங் தேய்ந்தால் கறகற என்னும். விசிறிப் பட்டி தளர்ந்தால் கிறீச் என்று ஒரே நீட்டாய் அலறும். இது இரட்டிக்காததால் எமது இலக்கணத்துள் அடங்காது, ஆயினும் தெருமுழுவதும் கேட்கும்.

அஞ்சத்தக்கவை மூன்று. பாரம் இழுக்கும்போது கிணுகிணு என்று சிறு மணிகள் சிதறுவது போலக் கேட்பது, எரிபொருள் தீப்பொறியின் ஒழுங்குக்குக் கட்டுப்படாமல் தானே வெடிப்பதனாலாகும். டொக்டொக் என்று சுத்தியல் போல ஒலிப்பது, பிஸ்ரனின் கோலைக் கிறாங்குத் தண்டோடு பிணைக்கும் பெயாரிங் தேய்ந்ததன் குறி. அதனினும் ஆழத்திலிருந்து திம்திம் என்று கனத்து எழுவது, கிறாங்குத் தண்டையே தாங்கும் பெயாரிங்குகள் தேய்ந்ததன் குறி. இவற்றோடு ஒயில் அமுக்கத்தைக் காட்டும் விளக்கும் எரியுமாயின், அக்கணமே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். வீடு போய்ச் சேர்ந்து பார்க்கலாம் என்பவர், பெரும்பாலும் வேறொருவர் வண்டி இழுத்து வரவே வீடு சேர்வார்.

ஓசைகொண்டு உள்ளிருப்பதை அறிதல் புதிய கலையன்று. ஒஸ்ரியா நாட்டு வைத்தியர் அவுவென்புறுக்கர், நோயாளியின் மார்பிலே விரலால் தட்டிக் கேட்டு நோயறியும் முறையை 1761 இல் வெளியிட்டார். அவர் சத்திரம் நடத்தியவரின் மகன். பீப்பாயைத் தட்டி அதனுள்ளே எவ்வளவு மதுவுண்டெனக் காணும் வழக்கம் அவர் பிறந்த சூழலிலே இருந்தது. 1816 இல் பிரெஞ்சு வைத்தியர் லெனெக் கடதாசியைச் சுருட்டிக் குழலாக்கி இதயத்துடிப்பைக் கேட்டார். அதிலிருந்தே வைத்தியரின் கேள்குழல் பிறந்தது. எமது ஊர்க் கராச்சிலே நீண்டதொரு திருகாணிச் செலுத்தியின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பவரும் அதே பரம்பரையினரே. காற்றிலே விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும் ஒலி, இரும்பிலே 5000 மீற்றர் வரையில் செல்லும். விரைவைவிட முக்கியம் யாதெனில், கோலின் வழியே வரும் ஓசை சுற்றியுள்ள இரைச்சலோடு கலவாமல் வருவதாகும்.

இக்கலையை நாம் தந்தையாரிடமே முதலிற் கண்டோம். 1990 ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது அருகிய காலத்தில், எமது காரும் ஊரிலுள்ள பிற கார்களைப் போல மண்ணெண்ணெயிலே ஓடிற்று. சிறு போத்தலொன்றிலே பொன்போலச் சேமித்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றருக்கு ஊட்டி எஞ்சினை இயக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெயோ பெற்றோலுக்குரிய எஞ்சினிலே பொறுமையற்றது. அமுக்கமும் சூடும் மிகுந்தால் தானே பற்றிக்கொள்ளும். அதனாலேதான் அந்நாளைய கார்கள் யாவும் கிணுகிணுத்தன. எரியாது எஞ்சிய எண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்து பெயாரிங்குகளையுந் தேய்த்தது. தீப்பொறி சற்றே பிந்தி விழுமாறு தந்தையார் திருத்தி வைத்திருந்தார். அப்பாலும் அவர் வண்டியைச் செலுத்தியது கண்ணால் பாதி, காதால் பாதி.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது எமக்கு வயது பதினாறு. காரின் உள்ளே நடக்கவியலாத பாட்டியாரும், தாயாரும், தங்கையரும், பெட்டிகளும். வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் மக்கள் வெள்ளம். மழையும் பெய்தது. நடப்பவரின் வேகத்திலே, முதற் கியரிலே வண்டி ஊர்ந்தது. நாவற்குழிப் பாலத்தை அணுகும்போது எஞ்சின் கிணுகிணுக்கத் தொடங்கிற்று. தந்தையார் ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "பிள்ளையள் இறங்குங்கோ, அது ஏலாமற் கத்துது," என்றார். பாட்டியார் ஒருவரே உள்ளிருக்க, நாமெல்லாம் இறங்கித் தள்ளினோம். பாரம் குறைந்ததும் ஓசை அடங்கிற்று. அவ்வாறே ஏற்றியும் இறக்கியும் விடியுமுன் சாவகச்சேரியை அடைந்தோம். வழியிலே ஓரங்கட்டி விடப்பட்டிருந்த வண்டிகள் பலவற்றைக் கண்டோம். அவற்றின் சொந்தக்காரர் கேளாதிருந்தனர் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்த இரவிலே யாருக்கு எதைக் கேட்க அவகாசமிருந்தது? ஆனால், பாட்டியாரைச் சுமந்து செல்ல எமக்கு அந்த வண்டியே இருந்தது. அதனைத் தந்தையாரின் செவியே காத்தது.

தந்தையார் இன்றில்லை. தாயாரை மாதந்தோறும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதற்கு அக்காரே எமக்கு உதவி வருகின்றது. ஈராண்டுக்கு முன்னொரு நாள் அது டொக்டொக் என்றது. நகரிலுள்ள ஒரு கராச்சிலே ஒருவர் அரைநிமிடம் கேட்டுவிட்டு, பெரிய பெயாரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார். அவர் கூறிய தொகை எமது நான்கு மாதச் சம்பளத்துக்கு மேற்பட்டது. விற்பதானால் தாமே வாங்கிக்கொள்வதாகவும் இரக்கத்தோடு சொன்னார். வீட்டிலே இதனைக் கூறியபோது தாயார் ஒன்றும் பேசவில்லை. மறுநாட்காலை, வழக்கத்துக்கு மாறாக, அவர் ஒரு துணியை எடுத்துக் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கக் கண்டோம்.

அன்று பின்னேரமே, தந்தையாரின் காலத்திலிருந்து எமது வண்டியை அறிந்த முதியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டு சென்றோம். அவருக்கு எழுபதுக்கு மேல். இடக்காது முற்றாகவே மந்தம். அவர் எஞ்சினைத் தொடவில்லை. முதலிலே எம்மையே விசாரித்தார். "மாஸ்டர், உது எப்ப துவங்கினது? குளிரிலையோ, சூட்டிலையோ? ஏறி மிதிக்கக் கூடுதோ, குறையுதோ?" நின்றோடும்போது தெளிவாகவும், வேகம் கூடும்போது மங்கியும் கேட்கின்றது என்றோம். "அப்ப பொறுங்கோ," என்றார்.

அடுத்து ஒயில் கோலை இழுத்துப் பார்த்தார், அளவு சரி. எஞ்சினை இயக்கினார், ஒயில் விளக்கு அணைந்தது. பின்னர், பிடியில் இறப்பர் சுற்றிய கருவியொன்றினால் நான்கு பிளக்குகளின் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். பெரிய பெயாரிங் ஒன்று தேய்ந்திருந்தால், அதற்குரிய சிலிண்டரிலே வெடிப்பு நின்றவுடன் பிஸ்ரனின் அழுத்தம் நீங்கி, ஓசையும் தணியவேண்டும். ஒன்றாம் கம்பி, இரண்டாம் கம்பி, மூன்று, நான்கு. எஞ்சின் தடுமாறியதேயன்றி டொக்டொக் மாறவேயில்லை. முதியவர் எஞ்சினை நிறுத்தி, விசிறிப் பட்டியைக் கழற்றினார். மீண்டும் ஒரு நிமிடத்துக்கு மட்டும் இயக்கினார். ஓசை அடியோடு மறைந்தது.

இங்கே கவனியுங்கள்: இதுவரை ஒரு திருகாணி தானும் கழன்று விழவில்லை, ஆனால் பழுது எஞ்சினுக்குள்ளே இல்லை என்பது ஐயமற நிறுவப்பட்டுவிட்டது. பட்டி இயக்குபவை இரண்டே: தண்ணீர்ப் பம்பும் டைனமோவும். விசிறியைப் பிடித்து ஆட்டினார், அசைவில்லை. டைனமோவின் கப்பியைப் பிடித்து இருபுறமும் திருப்பினார். தண்டு திரும்பாமலே கப்பி சற்றுத் திரும்பிற்று. கப்பியைத் தண்டோடு பூட்டி வைக்கும் அரைநிலா வடிவான சிறிய இரும்புத் துண்டு தேய்ந்துபோய், அதன் குழிக்குள்ளே முன்னும் பின்னும் மோதிக்கொண்டிருந்தது. அத்துண்டு எமது சின்னிவிரல் நகத்திலும் சற்றே பெரிது. புதியதை வைத்து முறுக்கியதற்கு அவர் கேட்ட கூலியைக் கேட்க எமக்கே வெட்கமாயிற்று. இருமடங்கு கொடுத்தும் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

கராச்சுக்காரர் பொய் சொன்னாரென்று நாம் கூறவரவில்லை. அவரும் அதே டொக்டொக் ஓசையைத்தான் கேட்டார். ஓரோசைக்குப் பல காரணங்கள் இருத்தல் கூடும். ஒவ்வொன்றாய் விலக்கிக்கொண்டு வந்தாலன்றி எஞ்சியது எதுவெனத் தெரியாது. அவர் கேட்டதோடு நிறுத்திக்கொண்டார். முதியவர் கேட்டதைச் சோதித்தார்.

விடைபெறும்போது முதியவர் ஒன்று சொன்னார். "மாஸ்டர், சத்தம் போடுற வால்வு கெடாது. வாய் மூடின வால்வைத்தான் பாக்கவேணும்." இதன் உட்பொருள் ஆழமானது. பழைய எஞ்சின்கள் ஈயங்கலந்த பெற்றோலுக்காக ஆக்கப்பட்டவை. அவ்வீயம் வால்வு அமரும் இரும்பு விளிம்பைத் தேயாது காத்தது. உடல்நலத்துக்குக் கேடு என்பதனால் உலகெங்கும் அது கைவிடப்பட்டு, 2021 இல் அல்ஜீரியாவோடு கார்களுக்கு அதனை விற்பது முற்றாக நின்றது, நன்றே ஆயிற்று. ஆயினும், ஈயம் நீங்கிய பின் பழைய எஞ்சினிலே அவ்விளிம்பு மெல்ல மெல்லத் தேய, வால்வு உள்ளே அமிழ்ந்து, மேலேயுள்ள இடைவெளி சுருங்குகின்றது. டிக்டிக் ஓசை குறைகின்றது. வண்டிக்காரர் மகிழ்கின்றார். இடைவெளி முற்றாக மறைந்த நாளிலோ வால்வு சரிவர மூடாது. தீச்சுவாலை அதன் விளிம்பை அரித்து எரித்துவிடும். அமைதியாக இருந்த எஞ்சின் அமைதியாகவே வலுவிழக்கும்.

இதனைத் தடுக்கும் வழி எளிது. எமது வண்டிக்குரிய இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். பீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகட்டைச் செருகி அளக்கலாம். எந்த வால்வை எப்போது அளப்பதென்பதற்கு மாணவர் விரும்பும் கணக்கொன்றுண்டு. முன்னிருந்து பின்னாக வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண்ணிடுக. 8 ஆவது முழுதும் திறந்திருக்கையில் 1 ஐ அளக்கவேண்டும். 7 திறந்திருக்கையில் 2. 6 திறந்திருக்கையில் 3. எப்போதும் கூட்டுத்தொகை 9 ஆகவே வரும்.

முதியவரின் சொல் எம்மோடு வகுப்பறைக்கும் வந்துவிட்டது. உயர்தர வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். ஓயாமற் சளசளப்பவன், ஒவ்வொரு விதிக்கும் ஒரு விலக்குக் கேட்பவன். அவ்வாண்டின் இரண்டாந் தவணையிலே அவன் அடங்கிப் போனான். திருந்திவிட்டான் என்று ஆசிரியர் அறையிலே பாராட்டினர். எமக்கோ வாய்மூடிய வால்வு நினைவுக்கு வந்தது. அவ்வாரமே அவன் வீட்டுக்குச் சென்றோம். தந்தை கட்டட வேலையின்போது விழுந்து முதுகு முறிந்து கிடந்தார். மகன் நள்ளிரவு முதல் விடியும்வரை வெதுப்பகமொன்றிலே மாக் குழைத்துவிட்டு நேரே பாடசாலைக்கு வந்துகொண்டிருந்தான். எவரிடமும் சொல்லவில்லை. தவணை முடிவோடு நின்றுவிடவும் தீர்மானித்திருந்தான். பழைய மாணவர் சிலரின் உதவியால் வீட்டுக்கு மாதாந்தம் ஒரு தொகைக்கு ஒழுங்கு செய்யப்பட்டது. வெதுப்பக வேலை சனி, ஞாயிறுகளுக்குச் சுருங்கிற்று. பரீட்சைக்கும் தோற்றினான். பெறுபேறு வருமுன்பே, எமது வினாத்தாளில் இருந்த ஒரு பிழையைச் சுட்டிக்காட்ட வீடு தேடி வந்து அரைமணி நேரம் சளசளத்துவிட்டுப் போனான்.

வாசகரிலே பழைய கார் உடையோர்க்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பொனற்றைத் திறவுங்கள். மூடிய கொட்டிலுக்குள்ளே எஞ்சினை இயக்கற்க. அதன் புகை நச்சுடையது. சேலைத் தலைப்பும் சால்வையும் விசிறிக்கு எட்டாதிருக்கட்டும். பிளக்குக் கம்பியை வெறுங்கையாற் பிடிக்கவே வேண்டாம். பிள்ளைகளையும் அருகில் அழைத்து, கேட்பதைத் தமிழிலே சொல்லச் சொல்லுங்கள். டிக்டிக்கா, டொக்டொக்கா, கறகறவா என்று அவர்கள் தமக்குள்ளே வாதாடுவர். கேட்டதை ஒரு கொப்பியிலே திகதியிட்டு எழுதி வையுங்கள். சென்ற மாதம் கேட்ட ஓசை இம்மாதம் கேளாதிருந்தால், அதனையும் மறவாமல் எழுதிக்கொள்ளுங்கள்.